நிலவறையில் சுழலும் சக்கரம்

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் மிகப் பல வீடுகளின் நிலவறையில் ஆளுயரத் தகரப் பெட்டி ஒன்று நிற்கும். அதன் ஒரு பாதியில் எரிவாயு எரிகிறது. மறு பாதியில் ஒரு மோட்டாரும், அது சுழற்றும் உருளை வடிவச் சக்கரமும் இருக்கின்றன. எரிகிற பாதியை வைத்துத்தான் பெட்டி முழுவதற்கும் ‘ஃபர்னஸ்’, அதாவது உலை, என்று பெயர் வந்தது. ஆனால் தீயின் சூட்டை மாடியறை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றப் பாதியின் வேலை. ப்ளோயர் எனப்படும் அந்தச் சக்கரம் அறைகளில் ஆறிப்போன காற்றை இழுத்து, சூடேறிய உலோக அறைகளின் மேல் தள்ளி, தகரக் குழாய்கள் வழியே திரும்ப அனுப்புகிறது. எரிந்த புகை அந்த உலோகத்துக்கு உள்ளேயே ஓடி வெளியேறிவிடும். வீட்டுக் காற்றும் புகையும் சந்திப்பதே இல்லை.

வீட்டைச் சூடாக்கிய வரலாற்றை விறகு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்று எரிபொருளின் வரிசையில் சொல்வதே வழக்கம். காற்றைத் தள்ளும் சக்கரத்தைப் பின்தொடர்ந்து சொன்னால் கதை வேறு பக்கம் போகும். உலையை வீட்டில் எங்கே வைப்பது, வீட்டை எந்த வடிவில் கட்டுவது, பராமரிப்பு வீட்டுக்காரர் கையிலா தொழிலாளி கையிலா என்பதையெல்லாம் தீர்மானித்ததில் எரிபொருளுக்குச் சமமான பங்கு இந்தச் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் உண்டு.

சக்கரம் வருவதற்கு முன் காற்று தானாகவே ஏறியது. சூடான காற்று இலேசானது, மேலே போகும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். இந்த ஒரே விதியை நம்பி இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1810இல் திறக்கப்பட்ட பொது மருத்துவமனைக்கு, நூற்பாலை உரிமையாளர் வில்லியம் ஸ்ட்ரட் நிலவறை உலை ஒன்றை வடிவமைத்தார். சார்லஸ் சில்வெஸ்டர் 1819இல் அந்த ஏற்பாட்டை விவரித்து ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவில் அதே நூற்றாண்டின் பிற்பாதியில் வார்ப்பிரும்பு உலைகள் வீடுகளுக்குள் இறங்கின. வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து சுருங்க, இணைப்புகள் விட்டுக்கொடுத்துப் புகையும் கரியும் அறைகளுக்குள் கசிந்தன. அயோவா மாநிலத்து மார்ஷல்டவுனில் பட்டறை வைத்திருந்த டேவ் லெனாக்ஸ் 1895இல் எஃகுத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து உலை செய்யத் தொடங்கியது இந்தக் கசிவுக்கு மாற்றாகத்தான். 1904இல் ஒரு செய்தித்தாள் அதிபர் அந்தத் தொழிலை வாங்கிப் பெரிதாக்கினார்.

அந்தக் காலத்து உலைக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஆக்டோபஸ்’. நிலவறையின் நட்டநடுவில் பெருத்த இரும்பு உடல். அதன் தலையிலிருந்து நாலாபுறமும் சாய்வாக ஏறும் தடித்த குழாய்கள். அவற்றின் மேல் வெள்ளைத் துணிபோல் சுற்றிய கல்நார். குழாய்கள் தடித்திருந்ததற்குக் காரணம் உண்டு. சூட்டால் மட்டும் ஏறும் காற்றுக்கு உந்துவிசை மிகக் குறைவு. குழாய் ஒடுங்கினாலோ, நீண்டாலோ, ஓரிடத்தில் மட்டமாகப் படுத்தாலோ காற்று நின்றுவிடும். எனவே உலை வீட்டின் மத்தியில்தான் இருந்தாக வேண்டும், நிலவறையும் இருந்தே ஆக வேண்டும். வாடைக்காற்று மோதும் பக்கத்து அறைகள் எவ்வளவு கரி போட்டாலும் குளிராகவே கிடந்தன. தூசி வடிகட்டி வைக்கவும் வழியில்லை. அதைத் தாண்டிப் போகும் பலம் அந்தக் காற்றுக்குக் கிடையாது. வீட்டுக்காரருக்கு இருந்த பராமரிப்பு வேலை முழுவதும் தீயைச் சுற்றியதுதான்: விடிகாலையில் கரி அள்ளிப் போடுவது, சாம்பல் தட்டை இழுத்துக் கொட்டுவது, படுக்கப்போகும்முன் தணலைச் சாம்பலால் மூடி இரவைத் தாங்கவைப்பது.

காற்றை இயந்திரத்தால் தள்ளும் யோசனை மட்டும் வெகு பழையது. அக்ரிகோலாவின் 1556ஆம் ஆண்டுச் சுரங்க நூலில் சுரங்கத்துக்குள் காற்றை ஊதும் விசிறிகளின் படங்கள் இருக்கின்றன. 1730களில் தெசகுலியே என்ற அறிஞர் லண்டன் மக்களவைக்குக் கையால் சுற்றும் சக்கரம் ஒன்றை அமைத்தார். நாளெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் ‘வென்டிலேட்டர்’ என்று பெயர். பின்னாளில் அந்தப் பெயர் மனிதரை விட்டு இயந்திரத்துக்குப் போனது. 1860களில் பாஸ்டன் நகரத்து ஸ்டர்டவன்ட் நீராவி விசிறிகளை விற்பனைச் சரக்காக்கி, நீராவிச் சுருள்களின் மேல் காற்றை ஊதிப் பெரிய கட்டடங்களைச் சூடாக்கினார். தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது கட்டுப்படியாகும். ஒரு குடும்பம் வாழும் வீட்டின் நிலவறையில் நீராவி எஞ்சின் வைக்க முடியாது.

இன்று வீட்டு உலைக்குள் இருக்கும் சக்கரத்தின் வடிவம் பிறந்த இடம் குளிர்நாட்டு வீடு அல்ல, தேயிலைத் தோட்டம். பெல்ஃபாஸ்ட் பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கிளெலண்ட் டேவிட்சன் 1864இல், பதின்ம வயதில், இன்றைய அசாமில் உள்ள கச்சார் பகுதித் தோட்டம் ஒன்றுக்கு வேலைக்குப் போனார். அங்கே கொழுந்தைக் கூடைகளில் பரப்பிக் கரித்தணலின் மேல் கையால் புரட்டி உலர்த்தினார்கள். புகை ஏறும், சில இலை கருகும், சில இலை ஈரமாகவே நிற்கும். சூடான காற்றை அளவாக ஊதி உலர்த்தினால் இந்தத் தொல்லை தீரும் என்று கண்ட டேவிட்சன், ஊர் திரும்பி 1881இல் பெல்ஃபாஸ்டில் ஏழு பேருடன் ஒரு தொழிற்கூடம் தொடங்கினார். பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக்காற்றின் பெயரை அதற்கு வைத்தார்: ‘சிராக்கோ’. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் அந்தப் பெயர் பொறித்த உலர்த்திகள் வந்து நின்றன. தமிழ்த் தொழிலாளர்கள் மலைச்சரிவுகளில் பறித்த கொழுந்து அவற்றின் வெப்பக்காற்றில்தான் கறுத்து உலர்ந்தது.

உலர்த்திக்கு நல்ல விசிறி தேவைப்பட்டது. அதுவரை இருந்த விசிறிச் சக்கரங்களில் ஆழமான தகடுகள் ஐந்தாறு, மையத்திலிருந்து ஆரக்கால்போல் நீண்டிருக்கும். 1890களின் இறுதியில் டேவிட்சன் அதைத் தலைகீழாக்கினார். மையத்தை வெறுமையாக விட்டு, உருளையின் விளிம்பில் மட்டும் ஒடுங்கிய சிறு தகடுகளை நெருக்கமாக அடுக்கினார்; தகடுகளின் நுனி சுழலும் திசையை நோக்கியே முன்வளைந்திருந்தது. பார்ப்பதற்கு அணில் ஓடிச் சுழற்றும் கூண்டு போலிருந்ததால் ‘அணில் கூண்டு’ என்று பட்டப்பெயர் கிடைத்தது. இதன் சிறப்பு, சின்ன உருவத்தில், குறைந்த வேகத்தில், அதிகச் சத்தமில்லாமல் நிறையக் காற்றைத் தள்ளுவது. 1903இல் திறக்கப்பட்ட பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் காற்றோட்டத்துக்கும், பின்னர் டைட்டானிக் கப்பலுக்கும் இந்த விசிறிகள் போயின. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து அமெரிக்கன் ப்ளோயர் நிறுவனம் சிராக்கோ என்ற பெயரிலேயே அதை விற்றது. டேவிட்சன் 1921இல் ‘சர்’ பட்டம் பெற்று, அதே ஆண்டில் இறந்தார். தன் சக்கரம் கோடிக்கணக்கான வீடுகளின் நிலவறைக்குள் இறங்குவதை அவர் பார்க்கவில்லை.

சக்கரம் தயாராக இருந்தும் வீட்டுக்குள் வரத் தாமதித்ததற்குக் காரணம் அதைச் சுற்றும் விசை. நிகோலா டெஸ்லாவின் தூண்டல் மோட்டார் 1888இல் காப்புரிமை பெற்றது. ஆனால் அது ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் மின்சாரத்தில்தான் இயல்பாகச் சுழலும். வீட்டுக்கு வருவதோ ஒற்றை ஃபேஸ். அதில் காந்தப்புலம் சுழலாது, ஓரிடத்தில் முன்னும் பின்னும் துடிக்கும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கையால் ஒரு தள்ளு கொடுத்தால் தள்ளிய பக்கமே ஓடும். அந்த முதல் தள்ளுக்காக இன்னொரு மெல்லிய கம்பிச் சுருளைச் சேர்த்து, வேகம் பிடித்ததும் அதைத் துண்டிக்க உள்ளே ஒரு சுவிட்சும் வைத்தார்கள். பழைய மோட்டாரை நிறுத்தினால், சுழற்சி தளரும் நேரத்தில் ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். அது இந்தச் சுவிட்ச் தன் இடத்துக்குத் திரும்பும் ஒலி. தூண்டல் மோட்டாரின் சுழலிக்கும் அணில் கூண்டு என்றே பெயர் என்பது ஒரு வேடிக்கை. மோட்டாருக்குள் ஒரு கூண்டு, அது சுற்றும் சக்கரம் இன்னொரு கூண்டு.

மின்சாரமும் வந்து சேர வேண்டியிருந்தது. 1930 வாக்கில் அமெரிக்க வீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றில்தான். முதலில் நகரத்து வீடுகளில் பழைய ஆக்டோபஸ் உலையின் திரும்புகுழாயில் ஒரு சாதாரண இறக்கை விசிறியைச் செருகிப் பார்த்தார்கள். குளிரான மூலையறைக்குக் கொஞ்சம் காற்று போனது, சத்தமும் கூடவே போனது. அணில் கூண்டுச் சக்கரத்தை உலையின் உடலோடு ஒரே பெட்டியில் சேர்த்துச் செய்வது 1930களில் வழக்கமானது.

இதற்குள் வெப்பக்காற்று ஒரு பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆகியிருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உலைத் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆதரவோடு 1918இல் ஆர்தர் வில்லார்டு தலைமையில் ஆய்வு தொடங்கியது. 1924இல் இதற்கென்றே அர்பானா நகரில் ஓர் ஆய்வு வீடு கட்டப்பட்டது. எந்தக் குழாயில் எவ்வளவு காற்று ஓடும், ஓர் அறை எவ்வளவு சூட்டை இழக்கும் என்று அளந்து எழுதினார்கள். அதுவரை தகர வேலைக்காரரின் கண்மதிப்பாக இருந்த தொழிலுக்கு அட்டவணைகள் கிடைத்தன. எரிவாயுப் பக்கத்தில், நியூ ஜெர்சி மாநிலத்து மாரிஸ்டவுனைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் 1919 டிசம்பரில் பெற்ற காப்புரிமை குறிப்பிடத்தக்கது. வீட்டின் வெவ்வேறு பகுதிக்குத் தனித்தனியே கட்டுப்படுத்தும் எரிவாயு உலையை அவர் வரைந்திருந்தார். அந்த வரைபடம் அப்படியே தொழிற்சாலைக்குப் போகவில்லை என்றாலும், பகுதி பகுதியாகச் சூடாக்கும் எண்ணம் பிறகு பரவலானது.

அறைச் சூட்டை உணர்ந்து உலைக்குக் கட்டளையிடும் கருவி இதைவிட மூத்தது. மினியாபொலிஸ் நகரத்தில் ஆல்பர்ட் பட்ஸ் 1885இலேயே, அறை குளிர்ந்தால் உலையின் காற்றுக்கதவைத் தானாகத் திறக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டார். அந்தக் கிளையில் வளர்ந்ததுதான் பின்னாளைய ஹனிவெல் நிறுவனம். 1953இல் அது வெளியிட்ட வட்ட வடிவத் தெர்மோஸ்டாட் ஒரு தலைமுறையின் வீட்டுச் சுவர் அடையாளமே ஆனது. ப்ளோயர் வந்தபோது இன்னொரு நுணுக்கம் தேவைப்பட்டது. தீ மூட்டியவுடன் சக்கரமும் சுழன்றால் முதல் இரண்டு நிமிடம் குளிர்காற்றுதான் முகத்தில் அடிக்கும். அதனால் உலையின் தலைப்பகுதியில் சூட்டுக்கு முறுக்கிக்கொள்ளும் ஈருலோகச் சுருளைச் செருகினார்கள். உலோகம் போதிய சூடேறிய பின்பே அது மோட்டாரை ஓடவிடும். தீ அணைந்த பிறகும் மிச்சச் சூடு தீரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்தும். அளவுமீறிச் சூடேறினால் எரிவாயுவையே துண்டிக்கும் வேலையும் அதே சுருளுக்கு உண்டு.

1930கள் முதல் 1960கள் வரையிலான ப்ளோயரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறு பட்டறைபோல் இருக்கும். கால் குதிரைத்திறன் அல்லது மூன்றிலொரு குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றும். பெரிய சக்கரத்துக்கு அந்த வேகம் மிக அதிகம், இரைச்சலும் கூடும். எனவே மோட்டாரில் சின்னப் புல்லி, சக்கரத்தின் அச்சில் பெரிய புல்லி, நடுவே ஒரு வி-பெல்ட். மோட்டார்ப் புல்லி இரு பாதியாகத் திருகப்பட்டிருக்கும். வெளிப்பாதியை அரைச்சுற்று விலக்கினால் பெல்ட் பள்ளத்தில் கொஞ்சம் இறங்கும், சக்கரத்தின் வேகம் குறையும், நெருக்கினால் கூடும். வீட்டின் காற்றளவையே ஒரு திருகில் மாற்றிவிடலாம் என்பது அந்தக் காலத்து வசதி.

பராமரிப்பும் அந்தப் பட்டறைக்கு ஏற்றதாக இருந்தது. மோட்டாரின் இரு முனையிலும் மூடி போட்ட எண்ணெய்க் கிண்ணங்கள், சக்கரத்தின் அச்சிலும் இரண்டு. குளிர்காலம் தொடங்கும்முன் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு, 20ஆம் தர மோட்டார் எண்ணெய். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் இதற்கு நிற்காது, வழிந்துவிடும். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளித்துணி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுழலும் தண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். நல்லதுதானே என்று கிண்ணம் நிறைய ஊற்றினவர்கள் மோட்டாரைக் கொன்றார்கள். மிஞ்சிய எண்ணெய் கம்பிச் சுருள்களில் இறங்கித் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். எண்ணெயே விடாவிட்டால் புஷ் தேயும், தண்டு தொய்யும், உள்ளே சுழலி ஓரத்தில் உரசும். அப்போது எழும் உறுமலை வீட்டுக்காரர் அடையாளம் கண்டுகொள்வார். பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். தளர்ந்தால் கிரீச்சிடும், இறுக்கினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்னத் தொடங்கும். சத்தம் நின்றதே என்று மகிழ்வதில் இருக்கும் ஆபத்தைப் பழைய கைகள் அறிந்திருந்தன.

தூசி வடிகட்டி இந்தக் காலத்தில்தான் சாத்தியமானது. தள்ளும் பலம் வந்துவிட்டதால் காற்றின் குறுக்கே ஒரு மெத்தையை வைக்க முடிந்தது. 1930களின் தொடக்கத்தில் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனம் கண்ணாடி இழையில் செய்து விற்ற வடிகட்டி, அந்த இழை கண்ட முதல் பயன்களில் ஒன்று. அழுக்கானதும் எறிந்துவிட்டுப் புதிது வைப்பது என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

இயந்திரத்தின் உட்புறம் வீட்டுக்காரருக்குத் தெரியாது, குளிரோ உயிர்போகும் குளிர். இந்த இரண்டும் சேரும் இடத்தில் பித்தலாட்டம் நுழைந்ததில் வியப்பில்லை. மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரில் 1906இல் தொடங்கிய ஹாலந்து ஃபர்னஸ் நிறுவனம் நாடெங்கும் கிளை பரப்பி, தன் ஆட்களைக் கொண்டே உலைகளை விற்றது, பொருத்தியது, பழுது பார்த்தது. அதன் விற்பனையாளர்களில் பலர் அரசு ஆய்வாளர்போலவோ, இலவசமாகச் சுத்தம் செய்ய வந்தவர்போலவோ நுழைந்து, உலையைப் பிரித்துப்போட்டு, இது வெடிக்கும், விஷவாயு கசியும் என்று மிரட்டி, திரும்பப் பூட்ட மறுத்துப் புதிய உலையைத் தலையில் கட்டினார்கள். மத்திய வர்த்தக ஆணையம் 1958இல் தடை ஆணை பிறப்பித்தது. அதை மீறியதற்காக 1965இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும், அதன் தலைவராக இருந்த பால் செஃப்புக்கு ஆறு மாதச் சிறையும் விதித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1966இல் தோற்றது. 

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மாற்றங்கள் பெல்ட்டை ஒழித்தன. 1940 கணக்கெடுப்பின்போது பாதிக்கு மேற்பட்ட அமெரிக்க வீடுகள் நிலக்கரியில் சூடாகின. போர்க்காலத்தில் எண்ணெய்க்காகப் போட்ட ‘பிக் இன்ச்’ குழாய்வழிகள் 1947இல் எரிவாயுவுக்கு மாறி, டெக்சஸ் வாயு கிழக்குக் கரை வரை போனது. கரி வைக்க அறை வேண்டாம், சாம்பல் இல்லை. காற்றைத் தள்ள மோட்டார் இருப்பதால் உலை வீட்டின் மத்தியில் இருக்கவும் தேவையில்லை. நிலவறையே இல்லாமல் வரிசை வரிசையாகக் கட்டிய புறநகர் வீடுகளில் உலை ஓர் அலமாரிக்குள் போனது; சில வீடுகளில் படுத்தவாறு மச்சில் ஏறியது. தலைகீழாக நின்று காற்றைத் தரைக்கடியில் தள்ளும் வகையும் வந்தது. சூடான காற்று மேலேதான் போகும் என்ற பழைய விதி அங்கே செல்லாது.

அடுத்து வந்தது குளிரூட்டல். கோடையில் அதே குழாய்கள் வழியே குளிர்ந்த காற்றை அனுப்ப, உலையின் தலையில் ஒரு குளிர்ச்சுருள் உட்கார்ந்தது. குளிர்காற்றுக்கு அளவு அதிகம் வேண்டும்: ஒரு டன் குளிரூட்டலுக்கு நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி. ஆக ஒரே மோட்டார் கோடையில் வேகமாகவும் குளிர்காலத்தில் மெதுவாகவும் ஓட வேண்டிய நிலை. பெல்ட்டும் திருகுப் புல்லியும் இதற்கு ஒத்துவரவில்லை. சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே மோட்டாரை நுழைத்து, அதன் தண்டிலேயே சக்கரத்தைப் பூட்டினார்கள். நிரந்தரமாகக் கெபாசிட்டர் இணைத்த அந்த மோட்டார் நிமிடத்துக்கு 1075 சுற்று சுற்றும். உள்சுருளில் பல இடங்களில் கம்பி இழுத்து விட்டிருப்பதால் வேகத்தையும் மாற்றலாம். கறுப்புக் கம்பி அதிக வேகம், நீலம் நடு வேகம், சிவப்பு குறைந்த வேகம். தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகத் தொங்கும் சீலிங் ஃபேனும் இதே இனந்தான். அங்கே எலக்ட்ரீஷியன் ‘கண்டென்சர் போயிருக்கு’ என்று சொல்லும் அதே உருளை இங்கே உலைக்குள் இருக்கிறது. அது பலவீனமானால் நோயும் ஒன்றே: சுவிட்சைப் போட்டால் முனகும், தயங்கித் தயங்கிச் சுற்றும், மோட்டார் கொதிக்கும். சில டாலர் பொருளை மாற்றாமல் மோட்டாரையே மாற்றிய வீடுகள் ஏராளம்.

எண்ணெய்க் கிண்ணங்கள் மெல்ல மறைந்தன. வாழ்நாள் முழுவதற்கும் எண்ணெய் அடைத்த பேரிங் வந்தது. வீட்டுக்காரரின் வேலை வடிகட்டி மாற்றுவதாகச் சுருங்கியது, அதையும் பலர் மறந்தார்கள். மறந்தால் நடப்பது மெதுவாகத்தான் நடக்கும். வடிகட்டியைத் தாண்டும் தூசி சக்கரத்தின் முன்வளைந்த தகடுகளின் குழிவில் படியும். குழிவு நிரம்பினால் தகடு தட்டையாகிவிடும். சக்கரம் அதே வேகத்தில் சுற்றும், காற்றோ பாதிகூட வராது. சுத்தம் செய்ய ப்ளோயரை வெளியே இழுத்து, சிறு பிரஷால் ஒவ்வொரு தகடாகத் துடைக்க வேண்டும். சில தகடுகளில் கவ்வியிருக்கும் சின்ன உலோகத் துண்டுகளை அழுக்கென்று நினைத்துக் கழற்றிவிடக் கூடாது. சக்கரம் ஆடாமல் சமநிலையில் சுற்றத் தொழிற்சாலையில் மாட்டிய எடைகள் அவை. திரும்பப் பூட்டும்போது திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் பதிய வேண்டும்; உருண்டையான பக்கத்தில் பதிந்தால் சில வாரங்களில் நழுவி, சக்கரம் பெட்டியின் பக்கவாட்டை உரசத் தொடங்கும்.

இந்தச் சக்கரத்துக்கு எதிர்பாராத குணம் ஒன்று உண்டு. காற்றின் வழியை அடைத்தால் அதன் சுமை குறையும், வழியைத் திறந்துவிட்டால் கூடும். பாரம் இழுக்கும் மாட்டை நினைத்துக்கொண்டு யோசித்தால் இது தலைகீழாகத் தெரியும். தள்ளப்படும் காற்றுதான் சுமை என்று பார்த்தால் புரிந்துவிடும். வடிகட்டி அடைத்தால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் குறைகிறது. ஆனால் தன்னைக் குளிர்விக்கும் காற்றும் குறைவதால் மோட்டார் சூடேறும், உலையின் உலோகமும் அளவுமீறிச் சூடாகும். மறுபக்கம், பழுது பார்ப்பவர் ப்ளோயரை வெளியே எடுத்துத் தரையில் வைத்து நெடுநேரம் ஓட்டிப் பார்த்தால், தடையில்லாத காற்றைத் தள்ளித் தள்ளியே மோட்டார் கருகிவிடும். தொழில் கற்கும் பையன்களுக்குச் சொல்லித்தரும் முதல் எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று.

1980களில் ஜெனரல் எலக்ட்ரிக் வீட்டு உலைகளுக்கு வேறு வகை மோட்டாரைக் கொண்டுவந்தது. சுழலியில் நிலைக்காந்தம், வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, சுருள்களுக்கு முறை வைத்து அனுப்பும் மின்னணுப் பலகை. ஈசிஎம் என்று சுருக்கிச் சொல்லப்படும் இது வேண்டிய எந்த வேகத்திலும் ஓடும். விசிறியில் வேகம் பாதியானால் தேவைப்படும் திறன் எட்டிலொன்றாகக் குறையும் என்பதால், மெதுவாக நெடுநேரம் ஓடுவதில் பெரும் மிச்சம். கெபாசிட்டர் மோட்டாரோ வேகத்தைக் குறைத்தாலும் அந்த அளவுக்கு மிச்சம் தராது. அமெரிக்க எரிசக்தித் துறை உலை விசிறிகளுக்கென 2014 ஜூலையில் வெளியிட்ட விதி 2019 ஜூலை 3 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் செய்யும் உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதன் பிறகு பழைய மோட்டார் ஒத்துவராது. புதிய மோட்டார் வந்ததும் அடைத்த வடிகட்டியின் விளைவும் மாறியது. காற்றளவைக் காக்கும்படி அமைத்த ஈசிஎம், தடையை உணர்ந்து வேகத்தைக் கூட்டும், மின்சாரத்தையும் கூட்டி இழுக்கும். வீட்டுக்காரருக்குக் காற்று குறைந்ததே தெரியாது. சத்தம்தான் கொஞ்சம் ஏறியிருக்கும். மின்னல், ஈரம், சூடு ஆகியவற்றுக்கு அதன் பலகை பழைய கம்பிச் சுருளைவிட மென்மையானது. பலகை போனால் எண்ணெய்க் குப்பி உதவாது. அந்த மாதிரிக்கே உரிய பாகத்தை வரவழைக்க வேண்டும்.

மோட்டாரை நம்பியதன் விலை 1998 ஜனவரியில் தெரிந்தது. 5 முதல் 10ஆம் தேதி வரை கிழக்கு ஒன்டாரியோ, கியூபெக் பகுதிகளில் பெய்த உறைமழை மின்கம்பங்களைப் பனிப்பாரத்தால் சாய்த்தது. சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரத்தால் சூடாக்கிய வீடுகள் மட்டுமல்ல, எரிவாயு உலை வைத்த வீடுகளும் உறைந்தன. குழாயில் வாயு இருந்தது, ஆனால் சக்கரத்தைச் சுற்ற ஆளில்லை. ஆக்டோபஸ் உலைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.

1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்து டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழரில் பலருக்கு முதல் வீடு வாடகை நிலவறைதான். ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால் உலை. தெர்மோஸ்டாட் மேல்தளத்தில் வீட்டுக்காரர் கைக்கெட்டும் சுவரில். சக்கரம் எழும் ஓசையும் குழாய்த் தகரம் சூட்டில் விரியும் படபடப்பும் கீழே படுத்திருப்பவர் காதில். பிறகு சொந்த வீடு வாங்கியவர்கள் இலையுதிர்காலம் வந்ததும் கடையில் நான்கெண்ணம் சேர்த்துக் கட்டிய வடிகட்டிகளை வாங்கிவந்து நிலவறைப் படியோரம் அடுக்கிவைக்கிறார்கள். அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். காற்று போகும் திசையில், அதாவது ப்ளோயரைப் பார்த்தபடி, அம்பு இருக்கும்படி செருகி, கதவுத் தகட்டை அழுத்தி மூட வேண்டும். தகடு சரியாக உட்கார்ந்து அதன் பின்னுள்ள பாதுகாப்புச் சுவிட்சை அழுத்தினால்தான் மோட்டார் எழும்.